பதில் தெரியாத ஒரு சோதனை வேண்டும்: அறிவியல் விரிவுரைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விரிவுரைஞர்களுக்கு,

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். நம் நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகங்களில் அறிவியல் சொல்லிக்கொடுக்கும் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். நான் படித்த இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்றவர்கள் 'நல்லவேளை, நம்மை இல்லை' என்று விட்டுவிடுவீர்கள்.

நான் வேதியியல் பட்டதாரி. ஊருக்கு வெளியே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் ஆய்வகத்தில் வேலை. தங்கை வேறொரு பல்கலைக்கழகத்தில் உயிரியல் மூன்றாம் ஆண்டு. அம்மா இருபத்தைந்து வருடம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். வெட்டுக்கத்தியை இன்னும் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, சாமி மாடத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்.

போன செமஸ்டர் விடுமுறையில் நடந்ததைச் சொல்கிறேன். தங்கை வீட்டு அஞ்சடியில் உட்கார்ந்து ஏதோ மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அம்மா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒரே வரியைப் பத்துத் தடவை கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"என்னாம்மா அதையே முணுமுணுத்துக்கிட்டு இருக்க?"

"டர்கர் பிரஷர்மா. செடிக்குள்ள தண்ணி நிறைய இருந்தா செல்லு விறைப்பா நிக்கும். தண்ணி குறைஞ்சா தொளதொளன்னு ஆயிடும். அந்த அழுத்தத்தைப் பத்தி."

அம்மா கத்தியை நிறுத்தவே இல்லை. "அதான் நாங்க இருட்டுலயே வெட்டப் போவோம். வெயில் ஏறிட்டா பால் சீக்கிரம் நின்னுடும்ல."

தங்கை என்னைப் பார்த்தாள். விறைப்பழுத்தம் பற்றிய சோதனையில் அவள் பத்துக்கு எட்டு வாங்கியவள். இரவில் இலைத்துளைகள் மூடியிருக்கும், மரம் இழந்த தண்ணீரை மீட்டுக்கொள்ளும், விடியுமுன் பால்குழாய்களில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், பட்டையைக் கீறினால் பால் வேகமாக வரும், வெயில் ஏற ஏற அழுத்தம் குறையும். இத்தனையும் அவள் பாடக்குறிப்பில் துண்டு துண்டாக இருக்கிறது. அம்மா தினமும் நாலரை மணிக்கு எழுந்ததற்குக் காரணம் அதுதான் என்பது மட்டும் மூன்று வருடத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

"இதை டியூட்டோரியல்ல சொல்லேன்" என்றேன்.

"எப்படிண்ணே சொல்றது? எங்கம்மா சொன்னாங்கன்னா?"

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்த மடல்.

என் கதையும் கிட்டத்தட்ட இதேதான். ஆலையில் சேர்ந்த இரண்டாவது வாரம். கச்சா செம்பனை எண்ணெயில் எஃப்.எஃப்.ஏ., அதாவது தனித்த கொழுப்பு அமிலம், எவ்வளவு என்று பார்ப்பது எங்கள் அன்றாட வேலை. எண்ணெயை எடை போட்டு, ஆல்கஹாலில் கரைத்து, பினாப்தலீன் என்ற நிறங்காட்டியில் இரண்டு சொட்டு விட்டு, பியூரெட்டிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடை இறக்குவோம். இளஞ்சிவப்பு நிலைத்து நின்றால் நிறுத்துவோம். அளவை 25.6ஆல் பெருக்கி ஒரு சின்னக் கணக்கு. 5 விழுக்காட்டைத் தாண்டினால் வாங்குகிறவர் முகம் மாறும். பழக்குலை அடிபட்டால், ஆலைக்கு வராமல் வெயிலில் கிடந்தால், பழத்திலிருக்கும் நொதியே எண்ணெயைச் சிதைத்து அமிலமாக்கிவிடும். அதனால் இந்த ஓர் எண்ணில் வெட்டியவர், ஏற்றியவர், லாரி ஓட்டியவர் எல்லாருடைய தாமதமும் அடங்கியிருக்கிறது.

அன்றைக்கு ஒரே தொட்டி எண்ணெய்க்கு எனக்கு 3.9 வந்தது. பதினெட்டு வருட அனுபவமுள்ள காக் (மலாய்க்கார அக்கா) ஒருவருக்கு 3.4. மேலாளர் இரண்டு தாளையும் கையில் வைத்துக்கொண்டு, "மானா சத்து பெத்துல்?" என்றார். எது சரி?

நான் வாயடைத்து நின்றேன். பல்கலைக்கழகத்தில் நான்கு வருடத்தில் இப்படிச் சொட்டுச் சொட்டாக இறக்கி அளக்கும் டைட்ரேஷன் எத்தனை செய்திருப்பேன், கணக்கே இல்லை. அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. சரியான பதில் எப்போதும் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது, அல்லது முந்தின வருட அண்ணன் அக்காவின் ரிப்போர்ட்டில் இருந்தது.

காக் என் பாட்டிலை எடுத்து, கலக்கிய தேதியைப் பார்த்தார். பழைய கரைசல். அதன் வலிமையை மறுபடி சரிபார்க்காமல் ஒட்டியிருந்த லேபிளை நம்பிவிட்டேன். ஆல்கஹாலையும் முதலில் நடுநிலைப்படுத்தவில்லை. இரண்டும் சேர்ந்து எண்ணை உயர்த்திவிட்டன. சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி வலிமை குறையும், அதனால் அதை நம்பகமான அடிப்படைக் கரைசலாக வைத்துக்கொள்ள முடியாது என்று முதலாண்டுத் தேர்வில் நானே எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்! எழுதியவன் நான். கண்டுபிடித்தவர் எஸ்.பி.எம். என்ற இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்திய காக்.

அந்த நாலு வருட லேப்பை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை இரண்டு மணி. ஒரு மேசைக்கு நாலு பேர். ஒருத்தர் பியூரெட் பிடிப்பார், ஒருத்தர் எழுதுவார், ஒருத்தர் கழுவுவார், நாலாவது ஆள் வாட்ஸ்அப்பில் வந்த பழைய ரிப்போர்ட்டைத் திறந்து வைத்திருப்பார். அந்த ரிப்போர்ட் பாட்டன் சொத்து மாதிரி வருடா வருடம் கைமாறி வருவது. ஒருமுறை எங்கள் வரைபடப் புள்ளிகள் கோட்டில் உட்கார மறுத்தன. கோட்டை முதலில் போட்டோம், அப்புறம் புள்ளிகளை அதன் மேல் வைத்தோம். கொஞ்சம் இயற்கையாக இருக்கட்டும் என்று ஒரு புள்ளியை மட்டும் லேசாகத் தள்ளி வைத்தோம். எங்களுக்கு ஏ வந்தது. பக்கத்து மேசைப் பிள்ளைகள் வந்ததை வந்தபடி எழுதினார்கள். அவர்களுக்குச் 'செய்முறையில் கவனம் போதாது' என்று சிவப்பு மையில் குறிப்பு வந்தது. அன்றைக்கு இரண்டு மேசையும் கற்ற பாடம் ஒன்றுதான், அது வேதியியல் இல்லை.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. செய்தது தப்பு. ஆனால் சோம்பேறித்தனம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எங்களில் பெரும்பாலோர் பி.டி.பி.டி.என். என்ற அரசுக் கல்விக் கடனில் படிப்பவர்கள். முதல் வகுப்பில் தேறினால் அந்தக் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குப் பெற வாய்ப்பு உண்டு. தோட்டத்துக் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று உங்களுக்கே தெரியும். அப்படி இருக்கும்போது, ஒரு ரிப்போர்ட்டில் உண்மையை எழுதி மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்ள யாருக்குத் துணிச்சல் வரும்? பழைய வினாத்தாளைத் தேடி ஓடுவதும் இதனால்தான். நாங்கள் கற்பதை மதிப்பெண்ணோடு சேர்த்துக் கட்டியது நாங்கள் அல்ல.

அடுத்தது வகுப்பில் நாங்கள் காக்கும் மௌனம். 'ஏதாவது கேள்வி இருக்கிறதா?' என்று கேட்கிறீர்கள். மூன்று விநாடி காத்திருக்கிறீர்கள். யாரும் வாய் திறப்பதில்லை. புரிந்துவிட்டது என்று அடுத்த ஸ்லைடுக்குப் போகிறீர்கள். அந்த மூன்று விநாடியில் பின்வரிசையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

தங்கையின் தலைமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப்பள்ளியில் அவள் 'உராய்வு' என்று படித்தாள். சொரசொரப்பான பலகையில் பொம்மைக் காரை ஓட்டிப் பார்த்து, கையால் தொட்டுப் படித்த சொல் அது. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அது மலாயில் 'கெசேரான்' ஆனது. பல்கலைக்கழகத்தில் 'ஃபிரிக்‌ஷன்'. அடர்த்தி 'கெதும்பாத்தான்' ஆகி, 'டென்சிட்டி' ஆனது. ஒரே பொருளுக்கு மூன்று பெயர். புதுப்பெயர் வரும்போது பழைய பெயரோடு அதைக் கட்டிப்போட்டு யாரும் கொடுப்பதில்லை. 'இது நீ ஏற்கெனவே படித்ததுதான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல ஆளில்லாததால் ஒவ்வொரு முறையும் பிள்ளை அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறது.

என் கதை இன்னும் வேடிக்கை. நான் 2003இல் ஒன்றாம் ஆண்டு போனவன். அந்த வருடம்தான் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் வந்தது. தமிழ்ப்பள்ளியில், தமிழ் ஆசிரியர், தமிழ்ப் பிள்ளைகளுக்கு, ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தமிழில் விளக்குவார். 2009இல் அந்தத் திட்டத்தைக் கைவிடப்போவதாக அரசு அறிவித்தது. எட்டு வயது சின்னவளான தங்கைக்கு மறுபடியும் தமிழ். ஒரே வீட்டில், ஒரே பள்ளியில் படித்த இரண்டு பேர் ஒரே பாடத்தை வேறு வேறு மொழியில் படித்திருக்கிறோம். எந்த மொழி நல்லது என்ற வழக்கை இங்கே இழுக்க விரும்பவில்லை, அது இன்னொரு மடலுக்கு ஆகும். எந்த வழியில் வந்தாலும் உங்கள் மண்டபத்தில் உட்காரும்போது எங்களுக்குள் ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்கிறது: எனக்குப் புரியாதது பாடமா, மொழியா? கேள்வி கேட்க வேண்டுமானால் முதலில் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அப்புறம் ஆங்கிலத்தில் வாக்கியம் கூட்ட வேண்டும். அதற்குள் மூன்று விநாடி போய்விடும்.

நீங்களே பாதி ஆங்கிலம், பாதி மலாய் என்று ரோஜாக்காகத்தான் பேசுகிறீர்கள். அதில் தப்பே இல்லை, எங்களுக்கும் அதுதான் வசதி. அதே உரிமை எங்கள் கேள்விக்கும் உண்டு என்று முதல் வகுப்பிலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

செமஸ்டர் கடைசியில் வரும் மதிப்பீட்டுப் படிவத்துக்கு வருகிறேன். விரிவுரைஞருக்கு ஒன்றிலிருந்து ஐந்துவரை புள்ளி. நான் படித்த இடத்தில் அதை நிரப்பாவிட்டால் தேர்வு முடிவு திறக்காது. அதனால் எல்லாரும் நிரப்புவோம், கண்ணை மூடிக்கொண்டு. 'தெளிவாகக் கற்பித்தாரா?', 'நேரத்துக்கு வந்தாரா?' என்றெல்லாம் கேள்வி இருக்கும். இந்த செமஸ்டரில் உனக்கு என்ன புரிந்தது, எங்கே தொலைந்துபோனாய் என்று ஒரு வரி கிடையாது. படிவம் எங்களைக் கேட்டது உங்களைப் பற்றித்தான். எங்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அந்தப் படிவத்தில் நான் செய்த ஒரு அநியாயத்தையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு விரிவுரைஞருக்கு ஐந்துக்கு ஐந்து போட்டேன். ஸ்லைடு அழகாக இருக்கும், நகைச்சுவையாகப் பேசுவார், கேட்கக் கேட்க எல்லாம் பளிச்சென்று புரிவதுபோல் இருக்கும், தேர்வுக்கு எது வரும் என்று குறிப்பும் கொடுப்பார். இன்னொருவருக்கு இரண்டு போட்டேன். அவர் வகுப்பில் நிம்மதியே இருக்காது. ஒரு கணக்கைப் போர்டில் எழுதிவிட்டு, பக்கத்தில் இருப்பவரோடு பேசி முடிவுக்கு வாருங்கள் என்பார். நாங்கள் சண்டை போடுவோம், தப்பாகச் சொல்வோம், அவரோ உடனே பதிலைச் சொல்லாமல் இன்னொரு கேள்வி கேட்பார். 'சம்பளம் இவருக்கு, படிப்பது நாமா?' என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே வருவோம். இன்றைக்கு ஆலையில் எனக்குக் கைகொடுப்பது அந்த இரண்டு புள்ளிக்காரர் வகுப்பு. ஐந்து புள்ளிக்காரரின் நகைச்சுவைகள் மட்டும் ஞாபகம் இருக்கின்றன.

இது என் ஒருவனின் அனுபவம் என்று தள்ளிவிட வேண்டாம். ஹார்வர்டில் லூயி டெலோரியே என்பவரும் அவர் குழுவினரும் முதலாண்டு இயற்பியல் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. ஒரே பாடம், ஒரே குறிப்புகள். ஒரு பிரிவுக்கு நல்ல விரிவுரை, இன்னொரு பிரிவுக்குத் தாங்களே கூடிக் கணக்குப் போட்டுத் திணறும் வகுப்பு. அடுத்த பாடத்துக்கு இரண்டையும் மாற்றிப் போட்டார்கள். சோதனையில் நன்றாகச் செய்தவர்கள் திணறியவர்கள். ஆனால் 'எவ்வளவு கற்றதாக நினைக்கிறீர்கள்?' என்று கேட்டபோது, விரிவுரை கேட்டவர்கள்தான் அதிகம் கற்றதாகச் சொன்னார்கள். அதற்கு முன் 2014இல் ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருந்தார்கள். வெறும் விரிவுரை கேட்கும் மாணவர்கள் தோற்கும் வாய்ப்பு, வகுப்பில் ஏதாவது செய்து கற்கும் மாணவர்களைவிட ஒன்றரை மடங்கு.

இது உங்களுக்குத் தெரியாத செய்தி இல்லை. உங்களில் சிலர் முயன்றும் பார்த்திருப்பீர்கள். செமஸ்டர் கடைசியில் படிவத்தில் புள்ளி இறங்கியிருக்கும், அதைப் பார்த்து மேலிடம் கேள்வி கேட்டிருக்கும், சரி, எதற்கு வம்பு என்று பழைய ஸ்லைடுக்கே திரும்பியிருப்பீர்கள். இருநூறு பேர் உட்காரும் மண்டபம், ஆய்வுக் கட்டுரையை எண்ணித் தரும் பதவி உயர்வு, எல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன். அந்த ஹார்வர்ட் ஆய்வுக்காரர்கள் சொன்ன யோசனை ஒன்று எனக்குப் பிடித்திருக்கிறது: செமஸ்டர் தொடக்கத்திலேயே மாணவர்களிடம் விஷயத்தை உடைத்துச் சொல்லிவிடுங்கள். 'இந்த வகுப்பில் உங்களுக்கு ஒன்றும் புரியாத மாதிரி இருக்கும். அந்த நேரத்தில்தான் ஏறிக்கொண்டிருக்கும்' என்று. இதை முதல் வாரத்தில் என்னிடம் ஒருவர் சொல்லியிருந்தால் அந்த மனிதருக்கு இரண்டு போட்டிருக்க மாட்டேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பாடத்திலும், செமஸ்டருக்கு ஒரே ஒரு லேப், பதில் யாருக்கும் தெரியாததாக இருக்கட்டும். உங்களுக்கும் தெரியக்கூடாது. பாட்டில் வினிகரில் அமிலம் எவ்வளவு என்று இன்னும் எத்தனை வருடம் கண்டுபிடிப்பது? அது பாட்டிலிலேயே எழுதியிருக்கிறது. ஒரு செம்பனைக் குலையை இரண்டாகப் பிரித்து, பாதியைக் கீழே போட்டு அடிபட விடச் சொல்லுங்கள். மற்றப் பாதி அப்படியே இருக்கட்டும். ஆறு மணி நேரம், ஒரு நாள், இரண்டு நாள் கழித்து எஃப்.எஃப்.ஏ. பார்க்கட்டும். நாலு மேசைக்கு நாலு எண் வரும். அப்போது கேளுங்கள், மானா சத்து பெத்துல் என்று. புள்ளியை அந்த வாக்குவாதத்துக்குக் கொடுங்கள். ஏன் என் எண் தப்பாக இருக்கலாம் என்று எழுதுகிற பிள்ளைக்குக் கூடுதலாகவே கொடுங்கள். பாட்டன் சொத்து ரிப்போர்ட் அன்றைக்கே செல்லாக்காசாகிவிடும்.

பழத்துக்குப் பஞ்சமில்லை. இந்த நாட்டில் எந்தப் பல்கலைக்கழகத்திலிருந்தும் செம்பனைத் தோட்டம் அவ்வளவு தூரம் இல்லை. பால்மரமும் அப்படித்தான். 1877இல் கோலகங்சாரில் நட்ட ஒன்பது கன்றுகளில் ஒன்று இன்னும் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரம். என் தங்கை அந்த மரத்தை முதன்முதலில் பார்த்தது ஒரு ஸ்லைடில்.

1970இலிருந்து 'அறிவியலுக்கு 60, கலைக்கு 40' என்று ஒரு கொள்கை இந்த நாட்டில் இருக்கிறது. உள்ளே எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணுவதில் எல்லாருக்கும் அக்கறை. எண்ணட்டும். உள்ளே போனவர்களிடம், ஏழாவது வாரத்தில், பெயர் எழுதாத ஒரு துண்டுச்சீட்டில், எந்த மொழியிலும், 'உனக்குப் புரியாத ஒன்றை எழுது' என்று கேளுங்கள். செமஸ்டர் முடிந்தபிறகு கேட்டால் அடுத்த வருடத்துப் பிள்ளைக்குத்தான் பயன், எங்களுக்கு இல்லை.

தங்கையைப் பற்றி ஒரு சேதி சொல்லி முடிக்கிறேன். விடுமுறை முடிந்து போனவள் இறுதியாண்டு ஆய்வுக்கு ஒரு தலைப்பு எழுதியிருக்கிறாள். எங்கள் தாமானுக்கு (குடியிருப்புக்கு) பின்னால் யாரும் வெட்டாமல் கிடக்கும் பன்னிரண்டு பால்மரங்களில், ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் மங்கில் (மரத்தில் கட்டும் பால் கிண்ணத்தில்) எவ்வளவு பால் சேர்கிறது என்று அளப்பது. இலையிலிருந்து எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதையும் கூடவே பார்ப்பது. வெட்டுவதற்கு ஆள் தயார். அம்மா கத்தியைச் சாணை பிடித்து வைத்துவிட்டார். தலைப்பை மேற்பார்வையாளருக்கு அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. 'இது ஏற்கெனவே தெரிந்த விஷயம்தானே என்று சொல்லிவிடுவாரோ' என்று நேற்றிரவு போனில் கேட்டாள். உனக்குத் தெரியுமா என்று திருப்பிக் கேட்டேன். இந்த மரத்துக்கு, இந்த மண்ணில், எந்த நேரத்தில் எவ்வளவு என்று தெரியாது என்றாள்.

அவர் இன்னும் பதில் போடவில்லை. இதைப் படிப்பவர்களில் அவரும் ஒருவராக இருக்கலாம்.

இப்படிக்கு,
செம்பனை ஆலை ஆய்வக ஊழியன் ஒருவன்,
சுங்கை சிப்புட், பேராக்